பிரதானி வீட்டுத் தொட்டில்

முன்னொரு காலத்தில், அது எந்தக் காலம் என்று கேட்டால் எனக்கும் தெரியாது, ஒரு ராஜா இருந்தார். அவருக்கு யானை, குதிரை, கோட்டை, கொத்தளம் எல்லாம் உண்டு. தலையில் மட்டும் முடி கிடையாது. கிரீடத்தைக் கழற்றினால் உச்சி பளபளவென்று மின்னும். இந்த விஷயம் நாட்டில் எல்லோருக்கும் தெரியும். ஆனால் தனக்கு மட்டும் தெரியாது என்பது போல் ஒவ்வொருவரும் நடந்துகொண்டார்கள். அரண்மனை என்றால் அப்படித்தான்.

ராஜாவிடம் ஒரு பச்சைக்கிளி இருந்தது. தினமும் காலையில் சபை கூடியதும் கூண்டைக் கொண்டுவந்து சிம்மாசனத்துக்குப் பக்கத்தில் மாட்டுவார்கள். கிளி, "ராஜாதி ராஜ, ராஜ கம்பீர, ராஜ மார்த்தாண்ட" என்று பட்டங்களை வரிசையாகச் சொல்லும். அதைக் கேட்ட பிறகுதான் ராஜாவுக்குக் காலைப் பலகாரம் இறங்கும்.

ஒரு நாள் கிளி கூண்டுக் கம்பியில் சாய்ந்து உட்கார்ந்திருந்தது. கண்கள் பாதி மூடியிருந்தன. "ராஜாதி..." என்று ஆரம்பித்துக் கெக்கெக்கே என்று சிரித்தது. மறுபடியும் ஆரம்பித்தது, மறுபடியும் சிரித்தது. கடைசியில் கழுத்தை நீட்டி ராஜாவை ஏற இறங்கப் பார்த்து, "அடேய் மொட்டை, பசிக்குதுடா!" என்றது.

அரண்மனை வைத்தியர் ஓடிவந்து கிளியின் மூக்கை மோந்து பார்த்தார்.

"மகாராஜா, கிளிக்குக் கஞ்சாப் புகை ஏறியிருக்கிறது. யாரோ பக்கத்தில் இருந்து புகைத்திருக்கிறார்கள். இது பாவம், மூச்சு விட்டிருக்கிறது, அவ்வளவுதான்."

ராஜாவுக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமல்ல. "இனி என் நாட்டில் எவன் கஞ்சா புகைத்தாலும், எவன் கையில் அது இருந்தாலும் ஏழு வருஷம் கல்மலையில் சம்மட்டி பிடிக்க வேண்டும்!" என்று கர்ஜித்தார்.

ஓலை எழுதுகிறவர் மெல்லக் கேட்டார்: "எல்லோருக்குமா மகாராஜா?"

"எல்லோருக்கும்தான்!" என்ற ராஜா ஒரு கணம் யோசித்தார். நல்ல மனசுக்காரர். "குழந்தைகளைத் தவிர" என்றார்.

அதற்கு முந்தின நாள் கிளிக்கூண்டு எந்த ஜன்னலோரம் தொங்கிக்கொண்டிருந்தது என்று யாருமே கேட்கவில்லை. நீங்களும் இப்போதைக்குக் கேட்காதீர்கள்.

சட்டம் வந்தது, கல்மலை நிரம்பியது. வண்டிக்காரன், படகுக்காரன், பனையேறி, தவில்காரன் என்று வரிசையாகப் போனார்கள். பெரிய வீட்டுக்காரர் ஒருவர்கூட அங்கே போய்ச் சேரவில்லை. பெரிய வீடுகளில் யாரும் புகைப்பதில்லை என்று நினைத்துவிடாதீர்கள். பெரிய வீட்டு மதில் உயரம், காவலாளியின் கழுத்து குட்டை, அதுதான் காரணம்.

அந்தச் சபையில் சோணாசலம் என்று ஒரு விகடர் இருந்தார். ஆள் ஒல்லி, தலைப்பாகை மட்டும் பெரிது. அவர் வாயைத் திறந்தால் ராஜா சிரிப்பார். பிரதானி திருமேனிநாதர் வாயைத் திறந்தால் ராஜா கொட்டாவி விடுவார். பிரதானி என்றால் மந்திரிகளுக்கெல்லாம் தலைவர். அவருக்கு இது பொறுக்குமா? அவருடைய மைத்துனர் சேனாபதி வீரகேசரிக்கும் பொறுக்கவில்லை. இந்த ஒல்லிக்காலனை எப்போது தொலைப்பது என்று இரண்டு பேரும் கறுவிக்கொண்டிருந்தார்கள்.

இப்படி இருக்கும்போது ஒரு தப்பு நடந்துவிட்டது. வெளியூரிலிருந்து புதிதாக வேலைக்குச் சேர்ந்த காவலன் ஒருவன், எந்தத் தோட்டத்துக்குள் நுழையலாம், எதற்குள் நுழையக் கூடாது என்று தெரியாமல், ஆற்றங்கரையில் இருந்த பிரதானியின் தோட்டத்துக்குள் புகுந்துவிட்டான். புகை வந்தது, போனான். உண்மையிலேயே அவ்வளவுதான் அவனுக்குத் தெரியும்.

அங்கே பிரதானியின் ஒரே மகன் செல்வக்கொழுந்து பாயில் மல்லாந்து படுத்து, ஒரு தென்னைமரத்தைப் பார்த்து விழுந்து விழுந்து சிரித்துக்கொண்டிருந்தான். பக்கத்தில் அவனுடைய பல்லக்கைத் தூக்கும் மாடக்கண்ணு கையில் கஞ்சா புகைக்கும் சிலும்பியோடு திருதிருவென்று விழித்தபடி நின்றான். காவலன் இரண்டு பேரையும் பிடித்து மறுநாள் சபைக்குக் கொண்டுவந்துவிட்டான். மற்றக் காவலர்கள் அவனைப் பார்த்துத் தலையில் அடித்துக்கொண்டார்கள்.

சபையில் பிரதானி கண்ணில் நீரோடு எழுந்தார்.

"மகாராஜா, என் மகன் குழந்தை. பால் மணம் மாறாதவன். நல்லது கெட்டது தெரியாது. யாரோ கொடுத்திருக்கிறார்கள், வாயில் வைத்திருக்கிறான். குழந்தை என்றால் எதையும் வாயில் வைக்காதா?"

"நேற்றுத்தான் என் தோளில் உட்கார்த்தி வைத்துத் தேர் காட்டினேன் மகாராஜா" என்று தாய்மாமனான சேனாபதியும் மூக்கை உறிஞ்சினார்.

குழந்தைக்கு இருபத்தெட்டு வயது. இரண்டு பக்கமும் கிடாக்கொம்பு மாதிரி முறுக்கிவிட்ட மீசை. அதற்குத் தினமும் வெண்ணெய் தடவிச் சீவிவிடத் தனியாக ஒரு ஆளே உண்டு. குழந்தை அந்த மீசையைத் தடவிக்கொண்டே தலை குனிந்து நின்றது.

ராஜாவுக்குச் சங்கடமாகிவிட்டது. பிரதானி வீட்டில் எத்தனையோ விருந்து சாப்பிட்டிருக்கிறார். பல்லக்குத் தூக்கியின் பக்கம் திரும்பி, "உனக்கு என்ன வயது?" என்றார்.

"பதினாறு சாமி."

"பதினாறா!" என்று சேனாபதி குறுக்கே பாய்ந்தார். "அந்தத் தோளைப் பாருங்கள் மகாராஜா. பல்லக்கைத் தூக்குகிற தோள். முழுசாக வளர்ந்த ஆண்பிள்ளை. எல்லாம் தெரிந்துதான் செய்திருக்கிறான். நான் சாட்சி."

ராஜா தொண்டையைச் செருமிக்கொண்டு தீர்ப்புச் சொன்னார். ஓலையில் எழுதி ராஜமுத்திரையும் வைத்தாயிற்று: "செல்வக்கொழுந்து குழந்தை. குழந்தையைத் தண்டிக்க முடியாது. குழந்தையை எப்படிப் பார்த்துக்கொள்ள வேண்டுமோ அப்படி அவனைப் பார்த்துக்கொள்ள வேண்டும். மாடக்கண்ணு வளர்ந்த ஆண். வளர்ந்த ஆணுக்கு எது உரியதோ அது அவனுக்கு. அடுத்த சபை நாளில் கல்மலைக்கு அனுப்பப்படுவான்."

அப்போது வாசலில் பெரிய சத்தம். கோட்டை வாசலில் மோர் விற்கும் பேச்சி, காவலர்களைத் தள்ளிக்கொண்டு உள்ளே வந்துவிட்டாள். இடுப்பில் மோர்ப்பானை அப்படியே இருந்தது. மாடக்கண்ணுவின் தாய் அவள்.

"எம் புள்ளைக்குப் பதினாறு, அவன் பெரியாளு! இந்த மீசைக்கு இருவத்தெட்டு, இது கைப்புள்ளையா? எந்த ஊருக் கணக்கு சாமி இது? அவன் நெருப்பு எடுத்துக் குடுத்தான் சாமி, அதத் தவர ஒண்ணுந் தெரியாது அவனுக்கு. காவக்காரரு வந்ததும் இந்தா பிடின்னு அந்தச் சனியனைக் கையில குடுத்துட்டாக. மூணாவதா ஒருத்தரு ஏணி இல்லாம மதிலைத் தாண்டி ஓடுனாராமே, அவரை ஒருத்தரும் பாக்கலையா?"

"பொய்! மூன்றாவது ஆள் யாரும் இல்லை!" என்றார் சேனாபதி.

சிம்மாசனத்துக்குப் பக்கத்து ஆசனத்தில் இளவரசர் இருந்தார். நாட்டிலேயே உயரமானவர் அவர்தான். அந்த நேரம் பார்த்து அவர் கூரையில் வரைந்திருந்த சித்திரங்களை வெகு கவனமாக ரசித்துக்கொண்டிருந்தார்.

காவலர்கள் பேச்சியை வெளியே இழுத்துப் போனார்கள். போகிற வழியெல்லாம் மோர் சிந்தியது. மாடக்கண்ணு அழவில்லை. தரையில் சிந்திய மோரையே பார்த்துக்கொண்டு நின்றான்.

அந்த நேரத்தில் சோணாசலம் எழுந்து எல்லோருடைய கைகளையும் எட்டி எட்டிப் பார்த்தார்.

"என்ன தேடுகிறீர் விகடரே?" என்றார் ராஜா.

"கற்கண்டு மகாராஜா. பிரதானி வீட்டில் குழந்தை பிறந்திருப்பதாக இப்போதுதான் சபையில் சொன்னார்கள். யாராவது கற்கண்டு கொடுப்பார்கள் என்று பார்த்தேன்."

ராஜாவின் உதடு துடித்தது. பிரதானி கொதித்துப் போனார்.

"ராஜ தீர்ப்பைக் கேலி செய்கிறார் மகாராஜா! இவருக்கு அவ்வளவு நியாயம் தெரிந்தால் இவரே செய்து காட்டட்டும். தீர்ப்பு ஓலையில் ஒரு எழுத்தும் மாறக் கூடாது. ஆனால் நியாயமும் நடக்க வேண்டும். முடியாவிட்டால் அந்தப் பல்லக்குக்காரனோடு இவரும் கல்மலைக்குப் போகட்டும்."

"மிகச் சரி. தீர்ப்பை நிறைவேற்றும் பொறுப்பை இவரிடமே கொடுங்கள்" என்று சேனாபதியும் சேர்ந்துகொண்டார். எழுதி முத்திரை வைத்த தீர்ப்பை எழுத்து மாறாமல் எப்படி மாற்றுவது? ஒல்லிக்காலன் ஒழிந்தான் என்று இருவருக்கும் ஏக சந்தோஷம்.

ராஜாவுக்கும் வேடிக்கை பார்க்கும் ஆசை வந்துவிட்டது. "ராஜ வாக்கு மாறாது, சோணாசலம். ஆனால் உமது சாமர்த்தியத்தையும் பார்த்துவிடுகிறோம். அடுத்த சபை நாள் வரைக்கும் அவகாசம். அன்றைக்குத்தான் செல்வக்கொழுந்துக்குக் கடற்கரைச் சீமையின் அதிகாரியாகப் பட்டம் கட்டவும் போகிறோம்."

"குழந்தைக்கா மகாராஜா?"

"அது... போன மாதமே முடிவானது" என்றார் ராஜா வேறு பக்கம் பார்த்துக்கொண்டு.

கோட்டை வாசலில் பேச்சி காலிப் பானையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். சோணாசலத்தைப் பார்த்ததும் எழுந்து வந்து அவருடைய அங்கவஸ்திரத்தைப் பிடித்துக்கொண்டாள்.

"எம் புள்ள வந்துருவானா சாமி? பொய் சொல்லாமச் சொல்லுங்க."

"தெரியவில்லை தாயே" என்றார் அவர். சபையில் இருந்த சிரிப்பு இப்போது அவர் முகத்தில் இல்லை. "தோற்றால் நானும் கல்மலைக்குத்தான். சம்மட்டியைத் தூக்குகிற உடம்பா இது? ஆனால் ஒன்று கேட்கிறேன். மதில் தாண்டி ஓடின அந்த மூன்றாவது ஆள் எவ்வளவு உயரம் என்று உன் மகன் சொன்னான்?"

பேச்சி குதிகாலை உயர்த்திக் கையை மேலே நீட்டினாள். "அந்தாண்ட குதிச்சு ஓடையிலயும் தலைப்பா மதிலுக்கு மேல தெரிஞ்சுதாம் சாமி."

சோணாசலம் ஒரு அளவுக் கயிற்றை எடுத்து எதையோ கணக்குப் போட்டார். அங்கிருந்து நேராகத் தச்சர் வீட்டுக்குப் போனார்.

"ஆசாரியாரே, ஒரு தொட்டில் வேண்டும். தேக்கில். நாலு பேர் சேர்ந்து ஆட்டினாலும் தாங்க வேண்டும். பிரதானி மகனுக்கு."

தச்சர் அவர் சொன்ன அளவைக் கேட்டுவிட்டு முகவாயைச் சொறிந்தார். "சாமி, நான் அவரைப் பார்த்திருக்கேன். இவ்வளவு நீளம் இல்லையே?"

"பிள்ளைகள் வளரும் இல்லையா? சொன்ன அளவில் செய்யும்."

மறுநாள் காலை பிரதானியின் மாளிகை வாசலில் மேளம் கொட்டியது. முன்னால் தொட்டிலைத் தூக்கிக்கொண்டு ஆட்கள், பின்னால் பிள்ளை வளர்ப்பதில் கைதேர்ந்த செவிலிகள், அவர்களுக்கும் பின்னால் ஒரு கழுதை, கழுதையின் கயிற்றைப் பிடித்துக்கொண்டு சோணாசலம்.

"இதெல்லாம் என்ன அக்கிரமம்?" என்று பிரதானி ஓடிவந்தார்.

சோணாசலம் ஓலையை விரித்தார். "குழந்தையை எப்படிப் பார்த்துக்கொள்ள வேண்டுமோ அப்படி அவனைப் பார்த்துக்கொள்ள வேண்டும். ராஜமுத்திரை. வேண்டாம் என்றால் சொல்லுங்கள், குழந்தை இல்லை என்று எழுதிக்கொண்டு கல்மலைக்கு வண்டி பூட்டச் சொல்கிறேன்."

பிரதானி வழியை விட்டு விலகி நின்றார்.

கூடத்து உத்தரத்தில் தொட்டில் ஏறியது. செல்வக்கொழுந்தை நாலு பேர் தூக்கி அதில் போட்டார்கள். பட்டு வேட்டியை உருவிவிட்டு இடுப்பில் கறுப்பு அரைஞாணும் ஒரு துணியும் கட்டினார்கள். இரண்டு கையிலும் வசம்பு வளையல். கன்னத்தில் திருஷ்டிப் பொட்டு, உள்ளங்கை அகலத்துக்கு. செவிலிகள் இரண்டு பக்கமும் நின்று "ஆராரோ" என்று ஆரம்பித்தார்கள்.

"டேய், விடுங்கடா என்னை! குதிரையைக் கொண்டாங்கடா!" என்று செல்வக்கொழுந்து கத்தினான்.

"பாருங்கள், தூக்கத்துக்கு அழுகிறான்" என்றார் சோணாசலம். "இன்னும் கொஞ்சம் வேகமாக ஆட்டுங்கள் அம்மா."

மதியம் வந்தது. வறுத்த காடை வேண்டும் என்றான். பல் முளைக்காத பிள்ளைக்குக் காடையா என்று செவிலிகள் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். முற்றத்தில் கழுதையைக் கறந்து, சங்கில் ஊற்றி, மூக்கைப் பிடித்துப் புகட்டினார்கள். கழுதைப் பால் குடித்தால் பிள்ளைக்குக் குரல் நன்றாக வரும் என்று அந்த நாட்டில் ஒரு நம்பிக்கை. வந்தது என்றுதான் சொல்ல வேண்டும். அவன் போட்ட கூச்சல் நாலு தெருவுக்குக் கேட்டது.

மூன்றாம் நாள் அவனுடைய தாய் அகிலாண்டத்தம்மாளே மனம் மாறிவிட்டாள். முதலில் சோணாசலத்தைக் கண்டபடி திட்டியவள், பிள்ளை தொட்டிலில் கால் மடக்கித் தூங்குவதைப் பார்த்ததும் உருகிப்போய், செவிலியை நகர்த்திவிட்டுத் தானே ஆட்ட ஆரம்பித்தாள். "இப்படி இவன் வீட்டோட இருந்து எத்தனை வருஷம் ஆச்சு!" என்றாள். செல்வக்கொழுந்துக்கு அதுதான் கழுதைப் பாலைவிடக் கசந்தது. குழந்தையைப் பார்க்க வந்த ஊர்க்காரர்கள் ஆளுக்கொரு கிலுகிலுப்பை வாங்கி வந்து அவன் மூக்குக்கு நேரே ஆட்டிவிட்டுப் போனார்கள். அவனோடு தோட்டத்தில் கூத்தடித்த நண்பர்கள் மட்டும் வரவில்லை. தங்களுக்கும் தொட்டில் தயாராகிவிடுமோ என்று பயம்.

சபை நாள் வந்தது. தொட்டிலை ஒரு மூங்கிலில் கட்டி, பிரதானியின் பல்லக்குக்காரர்களே தோளில் சுமந்து சபைக்குக் கொண்டுவந்தார்கள். தெருவெல்லாம் கூட்டம். செல்வக்கொழுந்து போர்வையை முகத்துக்கு மேல் இழுத்துக்கொண்டான். மீசையின் இரண்டு நுனி மட்டும் வெளியே தெரிந்தது.

மாடக்கண்ணுவையும் சங்கிலியோடு கொண்டுவந்து நிறுத்தினார்கள். கூட்டத்தின் ஓரத்தில் பேச்சி நின்றாள். மகனோடு மலைக்கே போய்விடலாம் என்று துணி மூட்டையைக் கட்டி எடுத்து வந்திருந்தாள்.

ராஜா தொட்டிலைப் பார்த்தார், வசம்பு வளையலைப் பார்த்தார், சிரிப்பை அடக்கக் கிரீடத்தைச் சரிசெய்வது போல் பாசாங்கு செய்தார். கடற்கரைச் சீமை அதிகாரியின் உடைவாளைத் தட்டில் கொண்டுவந்தார்கள்.

"நில்லுங்கள்!" என்றார் சோணாசலம். "குழந்தைக்கு வாள் ஆகாது, கையைக் கிழித்துக்கொள்ளும்." வாளை எடுத்துவிட்டு ஒரு கிலுகிலுப்பையை வைத்தார். "அதிகாரியாக வளர்ந்த ஆண் வேண்டும் மகாராஜா. இந்த நாட்டில் எத்தனையோ ஆண்கள் இருக்கிறார்கள். ஆனால் முழுசாக வளர்ந்தவன், எல்லாம் தெரிந்தவன் என்று சேனாபதியே சாட்சி சொல்லி, ராஜமுத்திரையோடு ஓலை கொடுத்தது ஒரே ஒருவனுக்குத்தான்." மாடக்கண்ணுவைத் தோளில் தட்டி முன்னால் நிறுத்தினார். "வளர்ந்த ஆணுக்கு எது உரியதோ அது அவனுக்கு. வாளை இப்படிக் கொடுங்கள்."

மாடக்கண்ணு அலறிவிட்டான். "ஐயோ, எனக்குச் சீமையெல்லாம் வேணாஞ் சாமி! நான் வீட்டுக்குப் போனாப் போதும்!"

பிரதானிக்கு முகமெல்லாம் வேர்த்தது. மகன் குழந்தை என்றால் சீமை போச்சு. குழந்தை இல்லை என்றால் கல்மலை. இரண்டுக்கும் நடுவே நின்று தவித்தவர், "மகாராஜா, அவன்... அவன் இந்த நாலைந்து நாளில் வளர்ந்துவிட்டான்!" என்று ஒரே போடாகப் போட்டார்.

சோணாசலம் கை தட்டினார். "அப்படிச் சொல்லுங்கள்! பிள்ளை வளர்கிறது என்றால் முதலில் என்ன செய்வோம்? தாய்மாமன் மடியில் உட்கார வைத்துப் பிறந்த முடி எடுப்போம். அதைச் செய்யாமல் எந்தப் பிள்ளையாவது பெரியவனாகியிருக்கிறானா? சேனாபதியாரே, வாருங்கள், சம்மணம் போட்டு உட்காருங்கள்."

"நானா?" என்றார் சேனாபதி.

"நேற்றுத்தானே தோளில் தூக்கித் தேர் காட்டினீர்கள்? இன்றைக்கு மடியில் வையுங்கள்."

ராஜா தலையசைத்துவிட்டார். வேறு வழி? ஏழு போர் பார்த்த சேனாபதி கவசத்தோடு தரையில் உட்கார்ந்தார். நாலு பேர் செல்வக்கொழுந்தைத் தூக்கி அவர் மடியில் வைத்தார்கள். 'ஹம்மா' என்று ஒரு சத்தம் சேனாபதியின் அடிவயிற்றிலிருந்து வந்தது. நாவிதர் கத்தியைத் தீட்டிக்கொண்டு முன்னால் வந்தார்.

"எங்கேயிருந்து ஆரம்பிக்கட்டும் சாமி?"

"பிறந்த முடி என்றால் எல்லாம்தான். மீசையிலிருந்தே ஆரம்பியும். தொட்டில் பிள்ளைக்கு மீசை இருந்தால் பார்க்கிறவர்கள் பயந்துபோவார்கள்."

ஈரக் கை மீசையில் பட்டதுதான் தாமதம், செல்வக்கொழுந்து மாமன் மடியிலிருந்து துள்ளி எழுந்தான். வசம்பு வளையல் ஒன்று அறுந்து உருண்டது.

"மீசையைத் தொடாதே! நான் குழந்தை இல்லை! எனக்கு இருபத்தெட்டு வயசு! என் காசு குடுத்து நான்தான் கஞ்சா வாங்கினேன், நான்தான் புகைச்சேன், தெரிஞ்சேதான் புகைச்சேன்! இந்தப் பயல் நெருப்பு மட்டும்தான் எடுத்துக் குடுத்தான், அது என்னன்னே அவனுக்குத் தெரியாது! காவக்காரன் வந்ததும் சிலும்பியை அவன் கையில் திணிச்சது நான்தான்! மீசையை விட்டுடுங்க!"

பிரதானி தூணைப் பிடித்துக்கொண்டார்.

சோணாசலம் ஓலையை மடித்து ராஜாவின் காலடியில் வைத்தார். "ஒரு எழுத்தும் மாறவில்லை மகாராஜா. குழந்தையைக் குழந்தையாகவே பார்த்துக்கொண்டோம். இப்போது தானாக வளர்ந்துவிட்டது. வளர்ந்த வாயால் சாட்சியும் சொல்லிவிட்டது. வளர்ந்த ஆணுக்கு எது உரியதோ அது மாடக்கண்ணுவுக்கு என்று எழுதியிருக்கிறீர்கள். குற்றம் செய்யாத ஆணுக்கு உரியது வீடு."

"சங்கிலியைக் கழற்றுங்கள்" என்றார் ராஜா.

பேச்சி மூட்டையை எங்கே போட்டாள் என்று அவளுக்கே தெரியாது. ஓடிவந்து மகனைக் கட்டிப்பிடித்து, பிடித்த கையோடு முதுகில் இரண்டு வைத்தாள். "இனிமே எவன் நெருப்புக் கேட்டாலும் குடுப்பியாடா?" என்று சொல்லி மறுபடியும் கட்டிக்கொண்டு அழுதாள். பார்த்துக்கொண்டிருந்த நாவிதரும் கத்தியைப் பிடித்த கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"அப்ப என் மீசை?" என்று மெல்லக் கேட்டான் செல்வக்கொழுந்து.

"தம்பி," என்றார் சோணாசலம் அன்பாக, "கல்மலைக்குப் போகிறவர்களுக்கு முதல் வேலையாக அதைத்தானே எடுப்பார்கள்? உங்கள் அப்பா இத்தனை பேரை அனுப்பினாரே, சொல்லவில்லையா?"

ராஜாவால் அதற்கு மேல் தாங்க முடியவில்லை. சிம்மாசனத்தின் கையைத் தட்டித் தட்டிச் சிரித்தார். பொய்ச் சாட்சி சொன்ன சேனாபதி கால் மரத்துப்போய் எழுந்திருக்க முடியாமல் தரையிலேயே இருந்ததைப் பார்த்து இன்னும் சிரித்தார்.

"கேளும் விகடரே, என்ன வேண்டுமோ கேளும்!"

"கல்மலையில் இருக்கிற வண்டிக்காரன், படகுக்காரன், தவில்காரன் எல்லோரையும் ஒருமுறை இங்கே கூப்பிட்டு, பிரதானி மகனை விசாரித்த அதே பொறுமையோடு விசாரியுங்கள் மகாராஜா. அழுதுகொண்டு பேச அவர்களுக்கு அப்பா, மாமா யாரும் சபையில் இல்லை. இந்தத் தொட்டிலும் இங்கேயே தொங்கட்டும். இனி யாராவது தன் பிள்ளையைக் குழந்தை என்று சொன்னால் உடனே போட்டுப் பார்த்துவிடலாம்."

"அப்படியே ஆகட்டும்!" என்ற ராஜா கண்ணைத் துடைத்துக்கொண்டார். அப்போதுதான் தொட்டிலை நன்றாகப் பார்த்தார். "அது சரி, இதை ஏன் இவ்வளவு நீளமாகச் செய்தீர்? செல்வக்கொழுந்து படுத்தும் காலடியில் நிறைய இடம் மிச்சம் இருந்ததே?"

சோணாசலம் கைகட்டி நின்றார். "மகாராஜா, கிளிக்கு மயக்கம் வந்ததற்கு முந்தின நாள் கூண்டு எந்த ஜன்னலோரம் தொங்கியது?"

ராஜாவின் சிரிப்பு பாதியில் நின்றது. மெதுவாகப் பக்கத்து ஆசனத்தின் பக்கம் திரும்பினார். இளவரசர் கூரைச் சித்திரங்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். பார்த்துப் பார்த்துக் கழுத்து வலித்ததோ என்னவோ, தலையைத் தாழ்த்தினார். தொட்டிலின் இந்த முனையிலிருந்து அந்த முனை வரை கண்ணால் ஒருமுறை அளந்தார். எழுந்து நின்றபோது தலைப்பாகை மேலே தொங்கிய தூங்காவிளக்கில் இடித்தது.

"அப்பா," என்றார், "எனக்குத் தொட்டில் வேண்டாம். மதில் தாண்டி ஓடினது நான்தான்."

பிரதானிகூடத் தன் துக்கத்தை மறந்துவிட்டு ராஜாவின் முகத்தையே பார்த்தார். ராஜாவின் வாயில் 'குழந்தை' என்ற சொல் வந்து நின்றதை எல்லோரும் பார்த்தார்கள். பேச்சியும் பார்த்தாள். மகனின் கையை இறுகப் பிடித்துக்கொண்டாள்.

அப்போது கிளி கழுத்தை நீட்டியது. இந்த முறை அது புகை எதையும் மூச்சில் இழுத்திருக்கவில்லை, நல்ல தெளிவாகத்தான் இருந்தது. "அடேய் மொட்டை!" என்றது.

ராஜா கிரீடத்தைக் கழற்றினார். மொட்டைத் தலையை ஒருமுறை தடவிக்கொண்டார். அடுத்த கணம் வயிறு குலுங்கச் சிரித்தார். சிரித்துச் சிரித்துக் கண்ணில் நீர் வழிந்தது. அதில் எவ்வளவு சிரிப்பு, எவ்வளவு அழுகை என்று அருகில் இருந்தவர்களுக்கும் சொல்லத் தெரியவில்லை.

"கல்மலைக்குச் சம்மட்டி எடுத்து வையுங்கள்" என்றார். "ஒன்று இல்லை, இரண்டு. ஒன்றுக்குக் காம்பு கொஞ்சம் நீளமாக இருக்கட்டும்."

கழுத்தில் இருந்த முத்துமாலையைக் கழற்றிச் சோணாசலத்தின் கழுத்தில் போட்டார். கிளிக்கூண்டையும் எடுத்து அவர் கையில் கொடுத்தார்.

"இதையும் வீட்டுக்குக் கொண்டு போம். சபையில் உண்மை சொல்ல ஒருவர் இருந்தால் சமாளித்துக்கொள்வேன். இரண்டு பேர் என்றால் என்னால் தாங்க முடியாது."

அந்த ராஜாவும் போனார், ராஜ்ஜியமும் போனது. தொட்டில் எங்கே போனது என்றுதான் தெரியவில்லை. இன்றைக்குத் தேடி எடுத்தால் நல்ல கிராக்கி இருக்கும்.